பாப்பா அழுதால் நல்லது

அழுகை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கியது. குழந்தை அழுவதென்றால் முதலில் ஒரு சிணுங்கல், கொஞ்சம் முனகல், யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை, அதற்கப்புறம்தானே ஓலம்? பாப்பா இப்போதெல்லாம் அப்படி அழுவதில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பௌதி என்று எல்லாரும் கூப்பிடும் வங்காளி அண்ணி விளக்கு வைத்துச் சங்கு ஊதி முடித்ததும் உள்ளறையிலிருந்து வீல் என்று ஒரு கத்தல், பிறகு அமைதி. சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த கீதாஞ்சலி பதறவில்லை. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்பாடா, பாப்பாவுக்கு வலிக்கிறது.

பெற்றவள் இப்படி நினைப்பாளா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மூத்தவள் ஸ்மிதாவை ஆறு வருஷம் வளர்த்துப் பார்த்தால் தெரியும். ஸ்மிதாவுக்கு வலி என்பதே கிடையாது. கைக்குழந்தையில் ஊசி போட்டபோது சிரித்தாள், சமர்த்து என்று நர்ஸ் கொஞ்சினாள். பல் முளைத்ததும் தன் நாக்கு நுனியையே மென்றாள். ஒருநாள் சூடான தோசைக்கல்லில் கையூன்றி நின்றபடி அம்மாவிடம் கதையளந்துகொண்டிருந்தாள். கருகிய வாடைதான் கீதாஞ்சலியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அன்றிலிருந்து சாயங்காலமானால் மகளைத் தலை முதல் கால் வரை திருப்பித் திருப்பிக் காயம் தேடுவதே அவளுக்கு வேலை.

வீட்டுக்காரர் உறவா என்று டாக்டர் கேட்டார். "என் அம்மாவோட தம்பி" என்றாள். "நிஜேர் மாமா?" சொந்த மாமாவா என்று அந்த வங்காளி மனிதர் நம்பாமல் இரண்டாம் தடவையும் கேட்டார். அவர்களுக்கு மாமா என்றால் அப்பா மாதிரி, இவர்களுக்கு உரிமை. அம்மாகூட, "என் தம்பிக்கு வேற பொண்ணு பாக்கறேன்டி, ரத்தத்துக்குள்ளயே வேணாம்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். சோறு தண்ணியில்லாமல் கிடந்து தமிழரசனைக் கட்டிக்கொண்டது கீதாஞ்சலிதான். இரண்டாவதற்கும் இது வரலாம் என்று டாக்டர் எச்சரித்த பிறகும் பிடிவாதமாகப் பெற்றுக்கொண்டதும் அவள்தான். பழியைப் போட வேறு ஆளில்லை.

அதனால்தான் பாப்பா முதல் தடுப்பூசிக்கு வீறிட்டபோது அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். தமிழரசன் ரசகுல்லாப் பானையோடு வந்தான். ஸ்மிதா பாப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாப்பா அழுதா நல்லதாம்மா?"

"ரொம்ப நல்லதுடி தங்கம்."

"நான் அழுததே இல்லையே."

கீதாஞ்சலி பாப்பாவின் நெற்றியில் இன்னொரு முத்தம் வைத்தாள்.

அன்று அழுதது போதும் என்று இருந்திருக்கலாம். போதவில்லை. மறுநாளே சந்தேகம் அரித்தது. தூங்க வைக்கும்போது தொடையில் மெல்லக் கிள்ளினாள், பாப்பா அழுதாள், நிம்மதி. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இப்போது பாப்பாவுக்குப் பத்து மாதம், கிள்ளாத நாளே இல்லை. கன்றிப்போன இடத்தைத் தமிழரசன் கண்ணில் படாமல் பவுடர் போட்டு மறைத்துவிடுவாள். செய்வது பாவம் என்று அவளுக்குத் தெரியும், மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், ஆனால் கை நிற்காது. கொசுவலைக்கு அந்தப் பக்கம் ஸ்மிதா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னப் பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

இந்த வாரம் பாப்பாவின் கால்களில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். கொசுவாக இருக்கும். ஸ்மிதாவின் விரல் நுனியிலும் துளைகள். வேலியோரத்து முள்ளாக இருக்கும். டாக்டரிடம் காட்டலாம்தான், காட்டினால் பாப்பாவின் துணியை விலக்கிப் பார்ப்பார், கன்றல் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடியும் கத்தல்.

மழை பிடித்துக்கொண்டது. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சரக்கு வேகன்கள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம் வரிசையாக ஓடித் தூரத்தில் தேய்ந்தது. தமிழரசன் அங்கேதான் டியூட்டியில் இருந்தான். கரண்ட் போனது. இருட்டில் மாவு வாசனையும் ஈரச் சுவரின் பூஞ்சை வாசனையும் ஏறி வந்தன, அடுப்பின் நீல நெருப்பு மட்டும் நின்றது. இன்னொரு கத்தல். இந்தத் தடவை நெஞ்சு குளிரவில்லை. இரண்டு கத்தலுக்கும் நடுவில் உள்ளே யாரோ கொஞ்சுகிறார்கள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுடா, ஷோனா, என் தங்கம்."

அது அவள் வார்த்தை. ஒவ்வொரு நாளும் கிள்ளுவதற்கு முன்னால் பாப்பாவின் காதில் அவள் சொல்வது. இப்போது ஸ்மிதாவின் குரலில் வந்தது.

அடுப்பை அணைத்தாள். போன் எங்கே? கையெல்லாம் மாவு. டார்ச் எரிந்தது. நடை. கதவு. கொசுவலைக்குள் இரண்டு உருவங்கள். வலையைத் தூக்கினாள்.

பாப்பாவின் கவுன் இடுப்புவரை சுருட்டியிருந்தது. கால் முழுக்கப் புள்ளிகள். சில இன்னும் ஈரமாக இருந்தன.

ஸ்மிதா முகம் மலர நிமிர்ந்தாள். "பாப்பாவுக்கு நல்லா வலிக்குதும்மா! முதல்ல என் கைல குத்திப் பாத்தேன், எனக்கு ஒண்ணுமே வரல. பாப்பாவுக்குத்தான் வருது. கேட்டுச்சா? நீ கிச்சன்ல சிரிச்சியா?"

கீதாஞ்சலி பாப்பாவைத் தூக்கக் கை நீட்டினாள். வெளிச்சத்துக்குள் அவள் விரல்கள் நீண்டன.

பாப்பா அந்த விரல்களைப் பார்த்தாள்.

விம்மிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஒரு கணம் மூச்சே வரவில்லை. பிறகு வீறிட்டது. இந்த வீட்டில் இதுவரை கேட்காத ஓலம். பின்னால் தவழ்ந்தது. ஸ்மிதாவின் மடியில் தொற்றி ஏறியது. தன்னைக் குத்தியவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தது. கீதாஞ்சலி ஓரடி வைத்தாள். ஓலம் இன்னும் ஏறியது.

ஸ்மிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தேக்கோ, பாரும்மா! நீ தொடவே இல்ல, பாத்ததுமே அழறா!"

பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் கை தட்டினாள். இடது உள்ளங்கையில் திறந்த ஊக்கு ஒன்று அடிவரை இறங்கியிருந்தது. அதன் மேலேயே தட்டினாள். அம்மா எப்போது சிரிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தபடி, மறுபடியும், மறுபடியும் தட்டினாள்.