கூடுதலாக ஒரு காய்

விளையாட்டுப் பெட்டிக்குள் நான்கு காய்கள்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஐந்தாவதற்கு இன்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. பழைய பல்லின் நிறம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன் தலைப்பக்கம் மட்டும், பல பேர் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வழுவழுத்துக் கிடந்தது. எடுத்து மேஜையில் வைத்தபோது, யாரோ இத்தனை நேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் விட்டது போல ஒரு வெதுவெதுப்பு அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு அந்தக் காய் புதிதில்லை. பொம்மைக் கடையின் கிடங்கில், வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கும் விளையாட்டுகளைப் பிரித்து எண்ணிப் பார்ப்பதுதான் அவள் வேலை. பதினொரு வருஷமாக, காலை எட்டு மணியிலிருந்து நின்றபடி. படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ‘முழுமை’, ‘குறை’. கூடுதலாக இருந்தால் எழுத இடம் கிடையாது. “கொறஞ்சாதான் சண்டைக்கு வருவாங்க, கூடுனா எவன் வரப் போறான்” என்பார் மேற்பார்வையாளர். குறைவதையே தேடிப் பழகிய கண் அவளுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், முழங்கால் விண்ணென்று தெறிக்க, அந்தப் பெட்டியில் ஐந்து காய் எண்ணியும் ‘முழுமை’யில் ஒரு கோடு இழுத்தாள். ஓரம் நசுங்கிய பெட்டியை மறுபடி விற்க முடியாது, ஊழியர்கள் கொண்டுபோகலாம் என்றார்கள். கொண்டுவந்தாள்.

இல்லாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் படுத்திருப்பாள். ஆனால் அவள் கணவர், பஸ் ஓட்டுநர், ஐந்து மாதமாக இரவு வண்டி. வீட்டில் நான்கு பேரும் ஒன்றாக உட்காருவது இந்த ஒரு மாலைதான். பத்து வயது மகள் சில்லு நாள்காட்டியில் அதைச் சுற்றி மூன்று வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்த வட்டங்களுக்காகத்தான் அம்மா உட்கார்ந்திருந்தாள். இந்த மாலை நல்லபடியாக முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

“இது என்னக்கா, மூடிக்குள்ள சீட்டு ஒட்டியிருக்கு?” என்றான் அவர்களோடு இருக்கும் அவள் தம்பி. கைப்பேசி பழுது பார்ப்பவன். எதைத் திறந்தாலும் உள்பக்கம் பார்ப்பான்.

திருப்பிக் கொடுத்தவர்கள் எழுதித் தரும் காரணச் சீட்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. மூன்று கையெழுத்து. மூன்றிலும் ஒரே காரணம்: ‘விளையாட ஆள் இல்லை.’

“பாவம், மூணு வீட்லயும் இவங்கள யாரும் சேத்துக்கல போல.”

“உன்னயும் நாங்க சேத்துருக்கோமே மாப்ள, அதச் சொல்லு” என்றார் ஓட்டுநர்.

விளையாட்டு எளிது. பலகையில் ஒரு வீடு. பகடை உருட்டி, அறை அறையாகப் போய், அவரவர் நிறத்தில் மூன்று சாவி சேர்த்து, ‘வெளியே’ என்று எழுதிய கட்டத்தை முதலில் அடைய வேண்டும். ஒருவர் மட்டும் உள்ளே மிஞ்சும்போது ஆட்டம் முடியும். சில்லு விதித்தாளைச் சத்தமாகப் படித்தாள்: “வெளியேறியவர் எழுந்து வாசலுக்கு வெளியே போய்விட வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குக் குறிப்புச் சொல்லக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகே திரும்பலாம்.”

“அப்ப இந்த அஞ்சாவது?” என்றான் தம்பி.

“அது நடுவர். வெளிய நிக்கட்டும்” என்று சில்லு அந்தக் காயை ‘வெளியே’ கட்டத்தின் நடுவில் வைத்தாள்.

கைப்பேசிகளையெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு அலமாரி மேல் ஏற்றியாயிற்று. பெட்டியோடு வந்த மணல் கடிகாரம் திரும்பியது. ஓட்டுநருக்கு அன்று பகடை தொட்டதெல்லாம் ஆறு. அரை மணி நேரத்தில் நீலக் காயைக் கொண்டுபோய் அந்தப் பல் நிறக் காய் நின்ற கட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

“ஜெயிச்சவன வெளிய தள்ளிட்டு தோத்தவங்க ஃபேனுக்குக் கீழ உக்காருவீங்க. நல்லா இருக்குய்யா நியாயம்.”

“சட்டம் அத்தான், சட்டம். கெளம்புங்க.”

சிரித்துக்கொண்டே போனார். கதவு சாத்திக்கொண்டது. மூன்றாவது மாடி நடையில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு. கதவின் அடி இடுக்கில் மஞ்சளாய் ஒரு கோடு விழுந்தது. அவர் செருப்பு தரையில் இரண்டு தரம் தட்டியது, மூன்றாவது தரம் தட்டவில்லை. ஒரு நிமிஷம் கழித்துக் கோடு அணைந்தது. அசையாமல் நின்றால் அப்படித்தான் அணையும். ஆனால் அந்த மனுஷன் அசையாமல் நின்று அவள் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட ஒரு கால் பிரேக் மிதித்துக்கொண்டிருக்கும், நிமிஷத்துக்கொரு தரம் தொண்டையைச் செருமுவார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மின்விசிறியின் கரகரப்பு, மணல் இறங்கும் சன்னமான சரசரப்பு, எங்கோ குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம். செருமல் இல்லை.

“ஏம்மா, அப்பா கீழ போயிட்டாரா?”

“சிகரெட் நாத்தம் வரும் பாரு, கண்டுபிடிச்சிரலாம்” என்றான் தம்பி.

நாற்றம் வரவில்லை. வந்தது வேறொரு வாசனை: நாள் கணக்கில் மூடிக்கிடந்த அட்டைப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது. கிடங்கில் தினமும் முகர்வதுதான். கதவு இடுக்கின் வழியாக அது ஏன் வர வேண்டும் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அடுத்து தம்பியின் சிவப்பு வெளியேறியது. “அத்தானப் புடிச்சுட்டு வரேன்” என்று எழுந்தான்.

“டேய், அவர் இருக்காரான்னு ஒரு கொரல் குடு.”

“குறிப்புச் சொல்லக் கூடாதுக்கா.”

கதவு. மஞ்சள் கோடு. அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தது போல் ஒரு எழுத்தளவுக்குச் சத்தம், அப்புறம் இல்லை. கோடு அணைந்தது.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். “நீ போனா ஏமாத்துறேன்னு அர்த்தம்” என்று சில்லு முந்தானையைப் பிடித்தாள். முழங்காலும் மகள் பக்கமே பேசியது. சீக்கிரம் முடிந்தால் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். விதி அப்படித்தானே சொல்கிறது. சில்லு ஜெயிக்கட்டும், முடியட்டும். மறித்துக் கையில் வைத்திருந்த சில்லுவின் மஞ்சள் சாவியை, தெரியாமல் விடுவது போல், மகள் எடுக்கும்படி விட்டாள்.

அப்போது இடுக்கில் கோடு எரிந்தது. நடுவில் இரண்டு கறுப்புத் துண்டுகள். கதவை ஒட்டி யாரோ நின்றார்கள். இரண்டே கால்கள். இரண்டு பேர் போயிருந்தார்கள்.

“அப்பாதான்” என்றாள் சில்லு, பகடையை உருட்டிக்கொண்டே. “நான் வெளிய!”

மஞ்சள் காய் போய் நின்றது. குழந்தை துள்ளி எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீ போக வேணாம். ஆட்டம் முடிஞ்சுபோச்சு. அம்மா தொறக்கிறேன்.”

“அப்பா போனாரு, மாமா போனாரு. நான் மட்டும் போகக் கூடாதா?”

“சொன்னாக் கேளு, சில்லு.”

கதவில் தட்டும் சத்தம்.

இரண்டு தட்டு. நின்று, ஒன்று.

அவர் தட்டுவது. பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று, மணி அடிக்காமல், விடியற்காலையில் அவர் தட்டுகிற தட்டு. ஐந்து மாதமாக அதற்காகவே அரைத் தூக்கத்தில் கிடந்து பழகியவள் அவள். அதைக் கேட்டால்தான் உடம்பு தளரும். இப்போதும் தளர்ந்தது. பாவம், அவள் என்ன செய்வாள். பிடி விட்டுப்போனது. சில்லு ஓடினாள். தாழ்ப்பாள். கதவு. சாத்தும் சத்தம்.

அப்புறம்தான் உறைத்தது. தட்டு வந்தது கதவின் அடியிலிருந்து. முழங்கால் உயரம். அதற்கும் கீழே.

மூடி மல்லாந்து கிடந்தது. ‘விளையாட ஆள் இல்லை.’ மூன்று கையெழுத்து. தோற்று உள்ளே மிஞ்சியவர்கள். திருப்பிக் கொடுக்க மிஞ்சியவர்கள்.

பலகையைப் பார்த்தாள். நீலம், சிவப்பு, மஞ்சள். தள்ளித் தள்ளித்தான் வைத்தார்கள். இப்போது மூன்றும் அந்தப் பல் நிறக் காயை ஒட்டி நின்றன. சாய்ந்துகொண்டு.

மஞ்சளைப் பறித்தாள். பிள்ளையைப் பறிப்பது போல. கைக்குள் இறுக்கிக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்தாள்.

விளக்கு எரிந்தது. நடை. சுவர். படிக்கட்டு. ஆள் இல்லை. கால்மிதியில் ஓட்டுநரின் செருப்பு ஒன்று, குதிகால் தூக்கி, அடுத்த அடி வைக்கப் போவது போல.

“சில்லு.”

எதிரொலிகூட வரவில்லை. அவள் நின்றாள். மூச்சுவிடாமல் நின்றாள். ஒரு நிமிஷம். விளக்கு அணைந்தது.

அவள் அசையவில்லை.

விளக்கு எரிந்தது.

யாரும் இல்லை. அவள் இன்னும் அசையவில்லை. கைக்குள் மஞ்சள் காய் வெதுவெதுத்தது. விரல்களை இன்னும் இறுக்கினாள்.

மூடிய கைக்குள்ளிருந்து தட்டியது.

இரண்டு தட்டு. நின்று, ஒன்று.