மாமா வர்றாரு... கிளாஸை மறை!

செல்போன் அலறியது.

சிதம்பரம் மேலவீதியில் இருக்கும் தன் தையல் கடையில், கல்யாண ப்ளவுஸ் ஒன்றுக்கு ஜரிகை வைத்துக் கொண்டிருந்த இலக்கியா திரையைப் பார்த்தாள்.

புருஷன்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அருண்பாண்டியன் அவளைக் கூப்பிடுகிற ஆள் இல்லை. அந்த நேரத்தில் அவன் கையில் போன் இருக்காது, கிளாஸ்தான் இருக்கும்.

"என்னாங்க?"

"இலக்கியா... காத்தவராயன் செத்துட்டான்!"

ஊசி அவள் விரலில் ஏறியது.

"என்னாது?! காலைல அவருதானே வந்து உங்கள கார்ல ஏத்திக்கினு போனாரு!"

"பீர்ல விஷம்! எனக்கு வெச்ச விஷம்! என் கிளாஸ அவன் எடுத்துக் குடிச்சிட்டான்!"

"உங்களுக்கு யாருங்க விஷம் வெப்பாங்க?"



"உங்கப்பா!"

*

கடலூரைத் தாண்டி, தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது 'நுரை'.

பாட்டிலில் அடைத்த பீரை விற்கிற கடையல்ல அது. அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்க வைத்து, அங்கேயே ஊற்றித் தருகிற இடம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரச் செம்புத் தொட்டிகள். பண்ருட்டிப் பலாச்சுளையைப் போட்டுக் காய்ச்சும் பீருக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி மாவட்டம் எல்லை தாண்டி வந்துவிடும்.

இலக்கியா வாடகைக் காரிலிருந்து இறங்கி உள்ளே ஓடினாள்.

மேஜைக்கு மேஜை நெத்திலி வறுவல், முந்திரி பக்கோடா, நுரை அடங்கிப்போன கிளாஸ்கள்... ஆட்கள் மட்டும் இல்லை.

ஜன்னலோர மேஜையின் கீழே காத்தவராயன் கிடந்தான். கடையின் மேஜை விரிப்பையே எடுத்து மேலே போர்த்தியிருந்தார்கள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அவனுக்கு ஆறு மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. போன வாரம்தான் அதற்குப் பட்டுப்பாவாடை தைக்க இலக்கியாவிடம் துணி கொடுத்திருந்தான். 

"நீங்கதான் இலக்கியாவா?"

இன்ஸ்பெக்டர் வினோதினி. நாற்பது வயது இருக்கும். சிரிக்காமலே கிண்டல் பண்ணுகிற முகம்.

"உக்காருங்க. பீர் குடிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"நல்லது. இங்க இன்னிக்கு அதான் உடம்புக்கு நல்லது."

வினோதினி எதிரில் உட்கார்ந்தாள்.

"நடந்தத சொல்றேன், கேளுங்க. உங்க வீட்டுக்காரரும் காத்தவராயனும் செம்மங்குப்பத்துல ஒரே கெமிக்கல் கம்பெனி. ஆளுக்கு ஒரு பீர் சொன்னாங்க. இருக்கறதுலயே கசப்பான பீர். கவுண்டர்ல ஊத்தி ட்ரேல வெச்சாங்க. வெயிட்டர் கொண்டாந்து குடுத்தாரு. காத்தவராயன் கை கழுவிட்டு வந்து உக்காந்தாரு. அப்பதான் உங்க வீட்டுக்காரர் கவுண்டரப் பாத்தாரு. அங்க யாரு?"

"யாரு?"

"உங்கப்பா கோவிந்தசாமி! 'ஐயோ, மாமா வர்றாரு'ன்னு தன் கிளாஸ அப்படியே காத்தவராயன் பக்கம் தள்ளிட்டு, தண்ணி டம்ளரக் கையில எடுத்துக்கிட்டாரு. 'சீக்கிரம் காலி பண்ணு மச்சான்'னாரு. மச்சானும் காலி பண்ணாரு. அப்புறம் மச்சானே காலி."

இலக்கியாவுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மாமனார் குடிப்பார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளை குடிப்பது மாமனாருக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. கட்டின வேட்டி அவிழ்ந்தாலும் பரவாயில்லை, மாமனார் கண்ணில் கிளாஸ் படக்கூடாது!

"எங்கப்பா விஷம் வெச்சாருன்னு எப்படி மேடம் சொல்றீங்க?"

"அந்த ட்ரே பக்கத்துல நின்ன ஒரே வெளி ஆளு அவருதான். மாப்பிள்ள பாத்துட்டாருன்னு தெரிஞ்சதும் துண்டால மூஞ்ச மூடிக்கிட்டு ஓடினாரு. பஸ் ஸ்டாப்புல புடிச்சோம். ஏன் வந்தேன்னு கேட்டா, உரம் வாங்க வந்தேன்னாரு. ஞாயித்துக்கிழமை உரக்கட ஏதுன்னு கேட்டேன். பாத்ரூம் போக வந்தேன்னாரு. இப்ப, தண்ணி குடிக்க வந்தேங்கறாரு. ஏம்மா, உங்கப்பா ஊரு கீரப்பாளையத்துல தண்ணியே கெடைக்காதா?"

இலக்கியா தலை குனிந்தாள்.

"அது மட்டும் இல்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்துல, அத்தன பேர் நடுவுல உங்கப்பா என்னா கத்தினாரு?"

அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது.

'எம்பொண்ணு மேல இனிமே கை வெச்சே... சோத்துல விஷம் வெச்சுக் கொன்னுடுவேன்டா!'

அன்றைக்கு அவள் இடது கன்னம் வீங்கியிருந்தது. பல் வலி என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அப்பா மட்டும் நம்பவில்லை.

*

வெளியே, புல்தரையில் போட்டிருந்த நாற்காலியில் அருண்பாண்டியன் அழுது கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் கொண்டான்.

"ரெண்டு வாரமா அந்த ஆளோட எனக்குப் பேச்சே இல்ல இலக்கியா. போலீஸ்லயும் அதத்தான் எழுதிக் குடுத்தேன். மனசுல வெச்சிருந்து இப்படிப் பண்ணிட்டாரே... நான் குடிச்சிருந்தேன்னா நீ இப்ப தாலி அறுத்திருப்பே!"

அவள் கையை மெதுவாக விடுவித்துக் கொண்டாள்.

"அப்பாவப் பாக்கணும்."

பீர் காய்ச்சுவதற்கான தானிய மூட்டைகள் அடுக்கிய அறையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். கோவிந்தசாமி ஒரு மூட்டை மேல் ஒடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

"எனக்காகவாப்பா?"



 ஒரு அப்பாவி செத்துக் கிடக்கிறான். அவன் குழந்தைக்கு இனி அப்பா இல்லை. அது தெரிந்தும், அவள் மனசின் ஒரு மூலையில் அசிங்கமான ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நான் அடி வாங்கியதற்காகக் கொலை செய்யவும் துணிந்த ஒரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறார்!

"சொல்லுப்பா. என்ன அடிச்சான்னுதானே பண்ண?"

"இல்ல கண்ணு. நான் யாருக்கும் விஷம் வெக்கல."

"பின்ன எதுக்கு இங்க வந்த?"

கோவிந்தசாமி துண்டை முறுக்கினார்... பிரித்தார்... மறுபடி முறுக்கினார்.

"பீர் குடிக்க."



"அம்மா செத்த அன்னிக்கு என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியே!"

"வாயில கூட வெக்கலம்மா! கேக்கறதுக்குள்ள மாப்ள உக்காந்திருக்கறதப் பாத்துட்டேன். ஓடிட்டேன்."

"இப்படி ஒரு எடம் இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"



"மாப்ளதான் சொன்னாரு. காத்தவராயன் போன்லேர்ந்து காலைல பேசினாரு. 'நடந்தது நடந்துபோச்சி மாமா, மனசுல வெச்சிக்காதீங்க. நான் இன்னிக்கு மெட்ராஸ் போறேன். பலாப்பழ பீருன்னு ஒண்ணு ஊத்தறான், போயி சாப்ட்டு வாங்க. எம்பேர சொன்னா காசு கேக்க மாட்டான். இலக்கியாகிட்ட சொல்ல மாட்டேன்'னாரு."

"என்ன அடிச்சவன் வாங்கிக் குடுக்கற பீராப்பா?"

கோவிந்தசாமி உடைந்து அழுதார்.

"அதான் கண்ணு சொல்ல முடியல! இதுக்கு நீ என்ன கொலகாரன்னே நெனச்சிக்கட்டும்னு இருந்துட்டேன்."

விஷம் குடித்தவன் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். இலக்கியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"அடக் கடவுளே..." என்றது ஒரு குரல்.

வாசலில் வினோதினி!

"மாமனார் வரப்போறாருன்னு உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே தெரியும். வரவழைச்சதே அவருதான். அப்ப கிளாஸத் தள்ளினது பயத்துல இல்ல, திட்டம் போட்டு! மச்சான் கை கழுவப் போன நேரத்துல தன் கிளாஸ்லயே விஷத்தக் கலந்திருக்காரு. யாருக்கு வெச்ச விஷம்னு கேட்டா எல்லாரும் அவரத்தான் காட்டுவாங்க. யார் வெச்சதுன்னு கேட்டா உங்கப்பாவக் காட்டுவாங்க!"

"காத்தவராயன் என்னா மேடம் பாவம் பண்ணாரு?"

"போன மாசம் அவுங்க கம்பெனில கேஸ் லீக்காகி ஒரு கூலி ஆளு செத்தாரே. நாளைக்கு விசாரணை. அலாரத்த அமத்தி வெக்கச் சொன்னது யாருன்னு காத்தவராயன் சாட்சி சொல்றதா இருந்தாரு."

"அந்த ஷிப்டுக்கு மேனேஜர்..." இலக்கியா வெளியே புல்தரைப் பக்கம் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு."

"தெரியும். ஆனா ஆதாரம்? காத்தவராயன் நம்பர்லேர்ந்து கால் வந்திருக்கு, வாஸ்தவம். பேசினது யாருன்னு சொல்ல வேண்டியவரு டேபிள் துணியப் போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. உங்கப்பா ஏற்கெனவே மூணு பொய் சொன்ன மனுஷன். நாலாவதா சொல்ற உண்மைய எந்தக் கோர்ட்டு நம்பும்? உங்கப்பா உள்ள போறத என்னால தடுக்க முடியாதும்மா."

இலக்கியா கண்களைத் துடைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்."

"எதுக்கு?"

"பொண்டாட்டியாப் போயி ஒரு சண்ட போட்டுட்டு வரேன். நீங்க புல்தரை ஓரத்துச் செடிங்க பின்னால நில்லுங்க."

*

"வெக்கமா இல்ல உங்களுக்கு?!"

அருண்பாண்டியன் திடுக்கிட்டு எழுந்தான்.

"ஏய்... என்னா ஆச்சி?"

"எங்கப்பா குடிய விட்டு எத்தன வருஷம் ஆவுது! என் தலையில சத்தியம் பண்ண மனுஷன்! அவருக்குப் போயி பீர் ஆச காட்டியிருக்கீங்களே! அதுவும் எங்கிட்ட மறைச்சி! நீங்க குடிச்சிக் கெட்டது பத்தாதா?"

"இலக்கியா, கத்தாத..."

"கத்துவேன்! ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவேன்! அவரு மறுபடி குடிக்க ஆரம்பிச்சா யாரு பாக்கறது? நீங்களா பாப்பீங்க?"

போலீஸை எப்படிச் சமாளிப்பது என்று அருண்பாண்டியன் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தான். பொண்டாட்டியைச் சமாளிக்க அவனுக்கு ஒத்திகை தேவைப்பட்டதே கிடையாது. மாட்டிக் கொண்டால் பாதியை ஒத்துக் கொள்வான். மீதிப் பாதியை அடுத்தவர் தலையில் கட்டுவான். கல்யாணம் ஆன நாளாக அப்படித்தான். இப்போதும் வாய் அந்தப் பழக்கத்திலேயே போனது.

"நானாடி அவரு வாயில ஊத்தினேன்? பாவம் பெரியவரு, சண்ட போட்டோமே, சமாதானமாப் போவட்டும்னு ஒரு போன் பண்ணேன். ஒரே ஒரு பலாப்பழ பீருதான் சொன்னேன். உங்கப்பாதான் 'நெத்திலியும் கெடைக்குமா மாப்ள'ன்னு கேட்டாரு!"

"அப்ப நீங்கதான் கூப்ட்டு வரச் சொன்னீங்க?"

"ஆமா! அதுக்கு என்னா இப்..."

பாதியில் நின்றது.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை இலக்கியா பக்கத்தில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகம் அவளைக் கண்டு பயந்தது அதுதான் முதல் தடவை.

செடிகளுக்குப் பின்னாலிருந்து வினோதினி வந்தாள். கூடவே வெயிட்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும்.

"ரெண்டு வாரமா பேச்சே இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே சார். நெத்திலி பத்தியெல்லாம் பேசியிருக்கீங்க போல?"

"மேடம்... அது வந்து... குடும்ப விஷயம்..."

"உங்கள இன்னும் யாரும் சோதன போடல. சாவுலேர்ந்து தப்பிச்சவர எவன் சோதிப்பான், இல்ல? மொதல்ல ஷூவக் கழட்டுங்க!"

கழற்றவில்லை. ஓடினான்!

நான்கு எட்டில் கான்ஸ்டபிள் அவனைக் குப்புறத் தள்ளினார். இடது கால் ஷூவுக்குள், சாக்ஸில் சுருட்டியிருந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி வெளியே விழுந்தது.

"இலக்கியா! நான் உன் புருஷன்டி!" என்று தரையிலிருந்து கத்தினான் அருண்பாண்டியன்.

"அது எனக்கு ஞாபகம் இல்லாத நாளே இல்ல" என்று கன்னத்தைத் தடவினாள் அவள்.

ஜீப்பின் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

வினோதினி, கோவிந்தசாமியை வெளியே அழைத்து வந்தாள். அவர் மகளுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

புருஷன் போய்விட்டான். அப்பா கிடைத்துவிட்டார். இதில் எதற்கு அழ வேண்டும், எதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று இலக்கியாவுக்கே தெரியவில்லை. அழுகைதான் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"நீ மட்டும் இல்லேன்னா நான் தூக்குலதான் தொங்கியிருப்பேன் கண்ணு" என்று கோவிந்தசாமி விம்மினார்.

"ஸ்டேஷன்ல ஒரே ஒரு வாக்குமூலம்தான்மா" என்றாள் வினோதினி. "முடிஞ்சதும் அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

இலக்கியா மூக்கை உறிஞ்சினாள். அப்பாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேணாம் மேடம். ஒரு ரெண்டு நாளு லாக்கப்புலயே வெச்சிருங்க. வெளிய விட்டா, எவனாச்சும் ஒரு பீர் வாங்கித் தரேன்னு சொன்னாப் போதும்... அடுத்த கொலைக்கும் கரெக்ட் டயத்துக்கு வந்து நிப்பாரு!"