ஒரு மணிக்கு வரும் அஞ்சல்

"உள்ளுக்கு வராதேங்கோ!"

நனைந்த குடையோடு வாசலில் நின்றவன் திகைத்துப்போனான். வழியை மறித்தவளின் கண்கள்... மழைக்கு முந்திய குளம்போல் இருண்டு, அசையாமல்... அதட்டல் வாயில்தான். கண்களில் இருந்ததோ பயம்.

"சேர்வரைக் கழட்ட வந்தனான், தங்கச்சி."

"நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. யதுசா."

"அதுவும் நல்லதுதான்..." என்று சிரித்தான். "நான் அமலன்."

2005 கார்த்திகை. வவுனியாவில் ஒரு நிவாரண நிறுவனத்தின் சின்ன அலுவலகம் அது. மின்னஞ்சல், கோப்பு எல்லாம் பின்னறையில் சேர்வர் என்ற கணினிப் பெட்டி ஒன்றில் இருந்தன. கரண்ட் போய்ப்போய் வந்ததில் அது சாகக் கிடந்தது. இனி எல்லாம் கொழும்பு நிறுவனமொன்றின் கணினிகளில், மாத வாடகைக்கு. பொறுப்பாளர் சிவராசா கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அன்று திங்கட்கிழமை. பகல் ஒரு மணிக்கே மழையில் அறை இருண்டு கிடந்தது. யதுசாவின் திரையில் ஓர் அஞ்சல் வந்து விழுந்தது. அனுப்பியவர் புனிதமலர்.

'யதுசா, சாப்பிட்டியா?'

"ஆர் இவா?" என்றான் அமலன்.

"என்ர அக்கா. இஞ்சதான் வேலை செய்தவா. போன மார்கழியில கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு முல்லைத்தீவு மாதா கோயில்ல பூசைக்கு நிண்டவா..." அவள் குரல் தாழ்ந்தது. "ஆள் இல்லை. ஆனா ஒவ்வொரு நாளும் கேக்கிறா."

அமலன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். சேர்வருக்குள் தேடிப் பார்த்தான். நத்தார்ப் பண்டிகை லீவில் போகமுன், தினமும் ஒரு மணிக்குத் தானாகவே போகும்படி அக்காதான் அந்த அஞ்சலை ஒழுங்குபண்ணி வைத்திருந்தாள்.

"எனக்கும் விளங்கினதுதான்..." என்றாள் யதுசா. "புதுசிலயும் அப்பிடியே செய்து தாங்கோவன்."

"ஏலாது. அவாவின்ர பேரில நான் எழுதமாட்டன்."

அதன்பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை. ஆனால் அவன் மேசைக்குத் தேத்தண்ணி மட்டும் அவள் கையாலேயே தவறாமல் வந்தது.

வெள்ளி மத்தியானம் அமலன் சேர்வரை நிறுத்தி, வயர்களைக் கழற்றினான். இரவு பகலாக இரைந்த அந்தப் பெட்டி அடங்கியதும், யாரோ மூச்சை நிறுத்தியதுபோல் அலுவலகமே உறைந்தது.

ஒரு மணி.

புதிய சேவையில், புதிய அஞ்சல்பெட்டியில், ஓர் அஞ்சல்.

அனுப்பியவர் புனிதமலர்.

'வாத்துக்குஞ்சு, பயப்பிடாத.'

யதுசா துள்ளி எழுந்தாள். "எழுதமாட்டன் எண்டனீங்களே! உங்களுக்கு இது விளையாட்டோ?"

அமலனின் முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா நானில்லை. புதுசில அவாவுக்கு அஞ்சல்பெட்டியே திறக்கேல்ல... செத்த ஆளின்ர பேரில விளையாடுறவன் எண்டோ என்னை நினைச்சனீங்கள்?"

பையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான்.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். வாத்துக்குஞ்சு... நாயாற்றுக் களப்புக் கரையில் தத்தித் தத்தி நடந்த தங்கைக்கு அக்கா காதோடு வைத்த பெயர். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவனுக்கு எப்படி...?

 பின்னறையில், வயர்கள் தொங்க, அந்தப் பெட்டி செத்துக் கிடந்தது.

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள்.

பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸின் மிதிபலகையில் அவன் கால் வைத்திருந்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ... நீங்கள் எழுதேல்ல. அந்தப் பேர் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"அப்ப எழுதினது ஆர்?"

"தெரியாது... பயமாக் கிடக்கு. ஆனா அழுகை வரேல்ல. இந்தப் பதினொரு மாசத்தில இண்டைக்குத்தான் வரேல்ல."

"தம்பி, ஏறுறீரோ இல்லையோ?" என்றார் கொண்டக்டர்.

அமலன் இறங்கினான். பஸ் போய்விட்டது.

"நானும் ஒண்டு சொல்லவேணும், யதுசா. புதுசுக்கு மாத்திற வேலை செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிட்டுது. ஐயா இன்னும் சோதிக்கச் சொன்னதைச் சாட்டி, சும்மா பெட்டியைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தனான்... உங்களை விட்டிட்டுப் போக மனம் வரேல்ல."

"தெரியும்."

"தெரியுமோ?"

"சிவராசா ஐயா செவ்வாய் பின்னேரமே சொன்னவர். இன்னும் கொஞ்ச நாள் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ எண்டு அவரைக் கேட்டது நான்தான்."

அவன் முகம் வாடியது. "அக்காவின்ர அஞ்சலுக்காகவோ?"

மழைத்துளி விழுந்த இமைகளை அவள் மெல்ல உயர்த்தினாள்.

"புதன் அக்காவுக்காக... வியாழனும் வெள்ளியும் உங்களுக்காக."