சாம்பல் மாமாவின் இடம்

கணினிக்குள் படுத்திருந்த பிணம் இன்று இருமியது.

நேற்றுவரை அது இருமியதில்லை. துஷாந்தினி தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவள் புருஷன் சதீஸ்குமார் மேசைமுன் உட்கார்ந்து வழக்கம்போல ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். வீரன் சாகும் ஓலம், காற்று, காக்கை, பிறகு பிணத்தை எழுப்பும் கூப்பாடு, அதற்குப் பின் பிணத்தின் சிரிப்பு. கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாமே பாடமாகியிருந்தது. சிரிப்புக்கு முன்னால் இருமல் கிடையாது. இன்று இருந்தது. நெஞ்சில் சளி கட்டிய கிழவன் விடியற்காலையில் இருமுவானே, அந்த இருமல்.

"என்னாங்க, இருமல் புதுசா சேத்தீங்களா?"

"இருமலா? நான் ஒண்ணும் சேக்கல. கீழ ஸலீம் நானா இருமினது கேட்டிருக்கும்" என்றான் சதீஸ், திரும்பிப் பார்க்காமலே.

பதுளை பஜாருக்குப் பின்னால் உள்ள தெருவில், ஸலீம் நானாவின் தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. கார்த்திகை மழை நாட்கணக்கில் பெய்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் ஊறி, துவைத்த துணி காயாமல் ஒரு புளித்த வாடை வீசிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளாக அந்த வாடையோடு இன்னொன்றும் கலந்திருந்தது. நனைந்த சாம்பலின் வாடை. அடுப்போ மண்ணெண்ணெய் அடுப்பு. சாம்பலுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை.

சதீஸும் கொழும்பில் இருக்கும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். 'எமனூர்ப் பாதை' என்று பெயர். படம் வரைவது கூட்டாளிகள் வேலை, சத்தமும் பேச்சும் சதீஸ் வேலை. புராணத்து வீரன் ஒருவன் எமனுடைய ஊருக்குள் புகுந்து சண்டை போட வேண்டும். செத்துப்போனால் ஆட்டம் முடியாது. ஒரு சுடுகாட்டில் வந்து விழுவான். அங்கே சாம்பல் குழியில் ஒரு பிணம் மல்லாந்து கிடக்கும். "மாமா, எந்திரிங்க!" என்று வீரன் கூப்பிட்டதும் அது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி, வேட்டியை உதறி, நையாண்டி பேசிக்கொண்டே அவனுக்கு வாள் வீசவும் பள்ளம் தாண்டவும் பழக்கிக் கொடுக்கும். அதன் பெயர் சாம்பல் மாமா.

"சாகுறதெல்லாம் சின்னப்புள்ள வேலை மாப்ள. எந்திரிக்கிறதுதான் கஷ்டம். அப்பாடி, இடுப்புப் புடிச்சுக்கிச்சு!"

"வாள இப்புடியா புடிப்பாங்க? கவ்வாத்துக் கத்தியவே ஒழுங்காப் புடிச்ச வம்சமாடா நீ?"

குரல் முருகையா மாமாவுடையது. சதீஸின் அம்மாவுக்கு அண்ணன். அப்புத்தளைக்கு மேலே அவர்கள் பிறந்த தோட்டத்தில், மாசியில் காமனை எரித்து எழுப்பும் காமன் கூத்துக்குக் கோமாளி அவர்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் ஆள், வேஷம் கட்டிவிட்டால் தோட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். துரையைப் போல் பேசுவார், கங்காணியைப் போல் பேசுவார். துஷாந்தினி கல்யாணத்தன்று அழுததை அவள் குரலிலேயே அழுது காட்டி, அடுத்த அறையில் இருந்த அவள் அம்மாவையே ஓடி வர வைத்தவர். அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். இந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்து இங்கே வந்து, இதே அறையில் இருந்து வசனம் முழுவதையும் பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். மாசியில் செத்துப்போனார்.

அவர் செத்த விதத்தை நினைக்கவே துஷாந்தினிக்குப் பிடிக்காது. இந்த மழையில் அதை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

காமனை எரித்த மூன்றாம் நாள் எழுப்புவார்கள். அதற்கு முன்னால் அவர்கள் தோட்டத்தில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. எரித்த சாம்பலில் கோமாளி பிணமாகப் படுத்துவிடுவான். கூடப்பிறந்தவள் வயிற்றுப் பிள்ளைதான் அவனைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் எழும்பக் கூடாது. கூப்பிடுவதற்கு முன்பே ஒரு வாழைக்குற்றியை, வெட்டிய வாழைமரத் துண்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுவார்கள். கோமாளி எழும்பியதும் அவன் கிடந்த தடத்தில் அதை உருட்டி விட வேண்டும். இடம் காலியாக இருக்கக் கூடாது.

"ஒனக்குத்தான் கூடப்பொறந்தவளே இல்லியே மாப்ள" என்பார் முருகையா மாமா, கூட்டத்தின் நடுவே சதீஸைப் பிடித்துக்கொண்டு. "நாளைக்கு நீ படுத்தா ஒன்னய எவன்டா எழுப்புவான்?" சனம் கைதட்டிச் சிரிக்கும்.

இந்த வருஷம் சதீஸ் போய்ச் சேரவில்லை. பாதையில் மண் சரிந்து பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மாமா சாம்பலில் படுத்துக் காத்திருந்தார். அவர் மனைவி இராக்கம்மா கூப்பிட்டாள், அசையவில்லை. தோட்டத்துத் தலைவர் கூப்பிட்டார், அசையவில்லை. மனுசன் வழக்கத்தை விட மாட்டேங்கிறாரே என்று சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மூடுபனி இறங்கி ஆள் முகம் தெரியாமல் ஆன பிறகுதான் இராக்கம்மா தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உயிர் போயிருக்க வேண்டும்.

அழுது முடித்த பிறகு சதீஸ் வேலைக்குத் திரும்பினான். வீரனுக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று தன் குரலையே பதிந்து வைத்தான். "மாமா, எந்திரிங்க!" அதன் வாலில் ஸலீம் நானாவின் தையல் மெஷின் சத்தம் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குரல் மாசக்கணக்காக, பகலெல்லாம், அந்த அறையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் துஷாந்தினி பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை முடிந்து திரும்பியபோது ஸலீம் நானா துணியில் இருந்து தலையை நிமிர்த்தினார்.

"மேல விருந்தாளி வந்திருக்காங்களா தங்கச்சி? பகலெல்லாம் ஒரே சிரிப்பு."

"அது கம்பியூட்டர் நானா."

"அப்படியா? நடக்கிற சத்தமும் கேட்டிச்சே. காலை இழுத்து இழுத்து."

அவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். கணினி அணைந்திருந்தது. சதீஸ் அதற்கு எதிரே சுவரோரமாக, இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டி, குந்தி உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"துஷா, இன்னைக்கு மாமா நான் பதியாத வசனம் பேசுறாரு."

"என்னா பேசுறாரு?"

"'கூப்புட்டுக்கிட்டே இருக்கியே மாப்ள, எந்திரிச்சா எடத்துல யாரப் போடுவ'ன்னு கேக்குறாரு."

"வாழக்குத்தி படத்துல இருக்கா இல்லியா?"

"அதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டோம். வீரன் வந்தா பயிற்சி குடுக்கணும், அவ்வளவுதானே. வெறும் குழிதான் இருக்கு."

வழக்கத்தைப் பாதியில் விடுவதற்கா இவ்வளவு படித்தார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாள். சதீஸ் தலையாட்டவில்லை.

"அழிச்சா அவரு அங்கயே கெடப்பாருடி. அன்னைக்கு நான் போயிருந்தா எந்திரிச்சிருப்பாரு. ஒருக்கா மொறையாக் கூப்புட்டு விட்டுட்டோம்னா போயிருவாரு. எங்க மாமா கெட்டவரு இல்ல."

அவன் கண் கலங்கியிருந்தது. அவன் மாமா கெட்டவர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழிக்குள் இத்தனை மாதம் கிடந்து என்ன ஆனாரோ, அது யாருக்குத் தெரியும்?

"சரி. ஆனா நான் வாழக்குத்தி கொண்டாந்து வெச்சப் பொறகுதான் கூப்புடணும். அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. என் தலை மேல சத்தியம் பண்ணுங்க."

அவன் அவள் தலையில் கை வைத்தான். கை குளிர்ந்திருந்தது.

கடைக்குப் பின்னால் சிறு வளவு இருந்தது. அங்கே நாலைந்து வாழை. அவள் கத்தியோடு இறங்கியபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. ஸலீம் நானா கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். ஓடையாக ஓடிய மழைத்தண்ணீர் செருப்புக்குள் புகுந்து சில்லிட்டது, வாழையிலைகள் மேல் மழை கொட்டும் சத்தத்தில் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை, கத்தி வழுக்க வழுக்க ஒரு குலை வெட்டிய மரத்தின் அடியை அவள் அறுத்துக்கொண்டிருந்தபோது மேல் ஜன்னலில் தெரிந்த மஞ்சள் வெளிச்சம் பட்டென்று போனது. தெருவும் இருண்டது. கரண்ட் போய்விட்டது.

நல்லதுதான் என்று நினைத்தாள். கரண்ட் இல்லாமல் கணினி பேசாது.

குற்றியைக் குழந்தையைப் போல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படிக்கு வந்தாள். வாழைப்பால் கையில் பிசுபிசுத்தது. முதல் படியில் கால் வைத்தாள்.

மேலே பேச்சுக் குரல் கேட்டது.

பெண் குரல்.

"கொண்டாந்துட்டேங்க. பக்கத்துல வெச்சிட்டேன்."

அவளுடைய குரல். மழையில் நனைந்து மூச்சு வாங்கும் அவளுடைய குரலேதான்.

"கூப்புடுங்க."

துஷாந்தினி படியில் ஓடப் பார்த்தாள். இன்னொரு படி. இன்னொன்று. குற்றி கனத்தது.

"வேணாங்க! அது நான் இல்ல!"

அவள் கத்தியதும் அவன் கூப்பிட்டதும் ஒன்றாகவே நடந்தன.

"மாமா, எந்திரிங்க!"

பதிந்து வைத்த குரல் இல்லை அது, வாலில் தையல் மெஷின் சத்தம் இல்லை.

அப்புறம் எதுவும் இல்லை. மழை மட்டும்.

அவள் ஏறினாள். கதவு திறந்திருந்தது. இருட்டு. சாம்பல் வாடை மூக்கை அடைத்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. தன் சேலையில் இருந்துதான் என்று தெரிய நேரம் எடுத்தது.

"என்னாங்க?"

காலால் தரையைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னாங்க, எங்க இருக்கீங்க?"

கரண்ட் வந்தது.

சதீஸ் நடு அறையில் மல்லாந்து கிடந்தான். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, கால் இரண்டும் சேர்ந்து. சாம்பலில் கோமாளி படுப்பானே, அப்படி. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. கணினி தானாக உயிர் பெற்று உறுமத் தொடங்கியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"எந்திரிங்க" என்றாள். அழுகை வந்தது. "எந்திரிங்களேன்!"

முதலில் முழங்கால் மடங்கியது. பிறகு ஒரு கை இடுப்புக்குப் போனது. அவன் எழும்பினான். நீலச் சாரத்தை உதறினான். அறை முழுக்கச் சாம்பல் பறந்தது.

"அப்பாடி" என்றான். "இடுப்புப் புடிச்சுக்கிச்சு."

துஷாந்தினி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் சிரித்தான். சதீஸின் உதடு, சதீஸின் பல். சிரிப்பு வேறு. சிரிப்புக்கு முன்னால் ஒரு இருமல்.

"என்ன தாயி, சிரிப்பு வரலியா?"

அவள் குற்றியை நீட்டினாள். "மாமா... கொண்டாந்துட்டேன். இதப் போட்டுட்டு அவர விட்டுருங்க மாமா."

அவன் குனிந்து அதைப் பார்த்தான். பாவம் என்பதைப் போல் தலையை ஆட்டினான்.

"இது எதுக்கு தாயி இனிமே? எடந்தான் நெறஞ்சிருச்சே."

"மாமா!"

"அவன நானா புடிச்சு வெச்சிருக்கேன்? வரட்டும். நல்லா வரட்டும். கூப்புட ஆளு வேணுமே."

அப்போதுதான் அவள் திரையைப் பார்த்தாள்.

சுடுகாடு. காற்று. காக்கை. சாம்பல் குழியில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். நீலக் கட்டம் போட்ட சாரம். கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் அசைந்தது. அது திரைக்கு வெளியே அவளைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.

அவள் பின்னால் இரண்டு கை தட்டும் சத்தம். கூட்டம் சிரிப்பதற்காக ஒரு கோமாளி முதலில் தட்டுவானே, அந்தத் தட்டு.

சதீஸுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை.