பியூலா கை தூக்கிய படங்கள்

தண்ணீருக்கு ஓர் ஆன்மா உண்டு, அதைப் படம் பிடிக்கும் வரம் உலகில் சிலருக்கே வாய்க்கும் என்று சோலைராஜ் ராஜபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வரம் என்பது ஒரு மீன்தொட்டி. கிணற்றுப் படியோடு அதைக் கட்டி, உள்ளே கேமராவை வைத்து, பாதி தண்ணீரில் அமுங்க விட்டால், பட்டுச்சேலையோடு முங்கும் எந்தப் பெண்ணும் தேவதையாகத் தெரிவாள். 'மாடல்களின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு' என்று ஸ்டுடியோச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அன்று மத்தியானம் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடல் பியூலாவின் இரண்டு கைகளும் கீழே இருந்த படம். காலையில் அப்படித்தான் இருந்தது. இப்போது வலது கை தோளுயரத்துக்கு வந்திருந்தது.

போன மாதம் எடுத்தது. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தோப்புக் கிணறு. பட்டுக்கடை விளம்பரம். சேலை மேலே எழும்பாமலிருக்க ஓரத்தில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைத் தைத்தது அவர் யோசனை. பியூலாவின் இடுப்பில் கயிறு. மறுமுனை கிணற்று மேட்டில் அவள் புருஷன் எட்வின் கையில். மேலிருந்து பார்த்தால் வெயிலில் தண்ணீர் தகரமாக மின்னும், ஒன்றும் தெரியாது. அவள் கை தூக்கினால் சோலைராஜ் 'இழு' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

தூக்கினாள். விரல்கள் விரிந்து, வளையல் சரிந்து, உதடு லேசாகத் திறந்து. அப்படியொரு போஸ் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

"அண்ணாச்சி, இழுக்கவா?"

"செத்த இருப்பா. நல்லா வருது."

பன்னிரண்டு படம். சேலை மோட்டார் குழாயில் சிக்கியிருந்தது அவள் செத்த பிறகுதான் தெரிந்தது. அவள் கை தூக்கவே இல்லை என்று போலீஸிடம் சொன்னார். அழுதுகொண்டே சொன்னதால் நம்பினார்கள். பன்னிரண்டையும் அன்றைக்கே அழித்தார். இப்போது நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு மிச்சத்தில் ஒரு படம் கேட்டு எட்வின் வருகிறான்.

அடுத்த படத்தைத் திறந்தார். கை தலைக்கு மேலே இருந்தது. கீழே டீக்கடையில் டம்ளர் கழுவும் சத்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் ஹாரனும் வழக்கம்போலக் கேட்க, அவற்றுக்கு நடுவே எங்கிருந்தோ பாசியும் மோட்டார் டீசலும் அழுகிய மாவிலையும் கலந்த கிணற்று வாடை மெல்ல அறைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வேலையைத் திறந்தார். ஒரு கவுன்சிலரின் அறுபதாம் கல்யாணம். கவுன்சிலர் கை தூக்கியிருந்தார். அவர் எப்போதும் தூக்குகிறவர் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கத்தில் அவர் மனைவியும் தூக்கியிருந்தார். பந்தியில் சாப்பிட்டவர்களும். எல்லாருடைய விரல்களும் விரிந்திருந்தன. எல்லாருடைய உதடும் லேசாகத் திறந்திருந்தது.

கதவு திறந்தது. எட்வின்.

"அவ சிரிச்ச மாதிரி ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. போதும்."

"கம்ப்யூட்டரு ரிப்பேரப்பா. பொறவு வாயேன்."

"அந்தா பிரிண்டர் ஓடுதே."

ஓடியது. அவர் எதையும் அமுக்கவில்லை. தாள் மெதுவாக வந்தது. ஈரமாக. எட்வின் எடுத்தான்.

அது அவர் எடுத்த படமில்லை. அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்தது. பச்சைத் தண்ணீர். மேலே மீன்தொட்டி. அதன் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சோலைராஜ். வலது கை கேமராவில். படியின் இரும்பு வளையத்தைப் பிடித்த இடது கையின் விரல்கள் வெளுத்திருந்தன. ஓரத்தில், மிக அருகே, இன்னொரு கையின் விரல்கள்.

எட்வின் வெகுநேரம் பார்த்தான்.

"கை தூக்கலைன்னு சொன்னீயளே."

பிரிண்டர் மறுபடி ஓடியது. இரண்டாவது தாளில் அந்த விரல்கள் படிக்கட்டைத் தாண்டியிருந்தன. மூன்றாவதில் அவர் கணுக்காலைச் சுற்றியிருந்தன.

மேசைக்கு அடியில் ஏதோ குளிர்ந்தது. ஐந்து இடங்களில். பிடி இறுகியது. ஈயத்தின் கனம்.

சோலைராஜ் குனிந்து பார்க்கவில்லை. வலது கையை உயரத் தூக்கினார்.

எட்வின் முதல் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இம்புட்டுக் கிட்டக்க நின்னிருக்கீய," என்றான். "குதிச்சிருக்கலாமே."

சோலைராஜுக்கு நீச்சல் தெரியாது.