ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு

என் அக்கா புருஷன் பல் டாக்டர். புது பைக் வாங்கியதிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கிளினிக்குக்கும் முழங்கால் கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார். கூட வந்தவர் அவருடைய ஜிம் மாஸ்டர். மாமா எது சொன்னாலும் தலையாட்டுவதற்கென்றே வளர்ந்த உடம்பு. அக்கா கெஞ்சியதால் நானும் என் பழைய வண்டியை எடுத்தேன்.

கிளம்பும்போதே ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் இருட்டு.

"ரெயின்கோட் எடுத்துக்குங்க மாமா."

"போன்ல பாத்துட்டேன் மாப்ள, மழை கிடையாது. பயமா இருந்தா வீட்ல இரு."

மலையடிவாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் கைவிடப்பட்ட பஞ்சர் கடை ஒன்று கதவில்லாமல் நின்றது. ஓடி ஒதுங்கினோம். உள்ளே பழைய ரப்பர் வாசனை. அதற்கு அடியில், நாள்கணக்கில் காயாத துணியின் வாடை. தகரக் கூரை அதிர்ந்தது.

சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு மழைக்கோட்டு.

அதன் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரோ இப்பத்தான் கழட்டி மாட்டியிருக்காங்க" என்று ஜிம் மாஸ்டர் கிசுகிசுத்தார்.

தரையில் தூசி கனமாகப் படிந்திருந்தது. எங்கள் காலடிகளைத் தவிர வேறு தடமே இல்லை.

"வேண்டாம் மாமா, அடுத்தவங்களோடது."

"இந்தக் கந்தலத் தேடி எவன் வரப்போறான்?"

லட்சக்கணக்கில் வண்டி வாங்கிய மனிதர், எவனோ மாட்டிவிட்டுப் போனதைக் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டார்.

மழை தணிந்ததும் கிளம்பினோம். மூன்று ஹெல்மெட்டிலும் பேசும் கருவி இருந்தது. வழியெல்லாம் தன் உபதேசத்தை நாங்கள் கேட்க வேண்டும் என்று மாமாவே வாங்கிக் கொடுத்தது. அதில் அவர் குரல் வந்தது.

"மாப்ள, விளையாடாத. இடுப்ப விடு."

நான் அவருக்குப் பின்னால், என் வண்டியில் இருந்தேன்.

"என்ன மாமா?"

மழைக்கோட்டின் முதுகு புடைத்திருந்தது. காற்று என்று நினைத்தேன். வளைவில் காற்று நின்றது. புடைப்பு அடங்கவில்லை. மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

"பின்னாடி யாரு?" மாமாவின் குரல் குழறியது.

அப்போது நாலாவதாக ஒரு குரல் கேட்டது. கரகரப்பாக, ஏளனமாக, காதுக்கு மிக அருகில்.

"தள்ளி உக்காரு."

மாமாவின் வண்டி சறுக்கி விழுந்தது. ஜிம் மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேகமெடுத்து வளைவில் மறைந்தார். அத்தனை முட்டையும் பாலும் ஓடுவதற்குத்தான் போலிருக்கிறது.

நான் இறங்கி ஓடினேன். மழைக்கோட்டின் ஜிப் அசையவில்லை. மாமா வாய் திறந்து மூச்சுக்குத் திணறினார். வண்டிச் சாவியால் குத்திக் கிழித்தேன். உள்பக்கம் உடம்புச் சூடாக இருந்தது. உருவி எடுத்துப் பள்ளத்தில் வீசினேன்.

துணி காற்றில் மிதக்கவில்லை. கிளைகள் முறிய, கனத்து விழுந்தது.

மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. வண்டியை விற்றுவிட்டார்கள். சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். அந்த வாய்க்கொழுப்பு முழுதாக வடிந்திருந்தது. சோபாவின் நுனியில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அலட்சியமாகப் பார்த்தே பழகிய எனக்கு, அன்று அது முடியவில்லை.

அக்கா அடுப்படியில் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எங்க உக்காந்தாலும் இப்படித்தான்டா. சாஞ்சு உக்காருங்கன்னா, பின்னாடி எடம் இல்லங்கறாரு."

நாங்கள் கூடத்துக்கு வந்தபோது மாமா எழுந்து, மெல்லப் படுக்கையறைக்குப் போனார். அவர் உட்கார்ந்திருந்த நுனி மேலெழுந்தது.

சோபாவின் பின்பாதி அமுங்கியே இருந்தது.

பிறகு அதுவும், அவசரமில்லாமல், மேலெழுந்தது.