நிற்கும் வண்டியின் வேகம்

வண்டி ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. பாட்டின் சத்தம் மட்டும் ஏறியது.

அவள் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தாள். நெடும்பயணத்துக்கென்று கணவன் வாங்கிய கனத்த மோட்டார் சைக்கிள் அது. முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு, பின்னிருக்கையின் சாய்மானத்துக்கு இருபுறமும் இரண்டு என்று நான்கு ஸ்பீக்கர்களை இரண்டு நாளாக அவள்தான் பொருத்திக்கொண்டிருந்தாள். வேகம் கூடினால் காற்றின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிடும் என்பதால் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரிலிருந்து ஒரு மஞ்சள் ஒயர் ஆம்ப்ளிஃபயருக்கு வரும். வண்டி விரைந்தால் சத்தம் ஏறும், நின்றால் தணியும். இப்போது இன்ஜின் அணைந்திருந்தது. சக்கரம் அசையவில்லை. சாலிடர் புகையும் புது ரப்பரும் மணக்கும் அவர்களுடைய வண்டி உதிரிப்பாகக் கடையில், அந்தப் பிற்பகலில், சோதனைக்காக அவள் எப்போதும் போடும் பாட்டு, சொல்லில்லாமல் முனகும் ஒரு பெண்குரலும் வயலினும், படிப்படியாக ஏறி, சற்றே தாழ்ந்து, மீண்டும் ஏறி, கதவின் கண்ணாடியை நடுங்க வைத்துவிட்டு, சட்டென்று அடிமட்டத்துக்கு விழுந்தது.

கணவனிடம் சொன்னாள். சென்சார் கோளாறு என்று புதியதை மாற்றிக் கொடுத்தான். எந்தக் கவலைக்கும் அவனிடம் ஓர் உதிரிப்பாகம் இருக்கும்.

மறுநாள் மறுபடி அதே ஏற்றம். இம்முறை வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். அடுத்தடுத்து இரண்டு தாழ்வுகள்: கடைத்தெரு முனையின் இரட்டை வேகத்தடை. பிறகு சிறிது நேரம் அடங்கிய ஒலி: சிக்னல். பிறகு ஒரு வளைவின் தயக்கம். அதற்கப்புறம் ஏற்றம், நீண்ட ஏற்றம். கணவனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை போன சாலை. அவள் மனதுக்கு முன்னால் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. ஆற்றுப் பாலத்துக்குப் போகும் நேர்சாலை. அங்கேதான் சத்தம் விழுந்தது. தணியவில்லை, விழுந்தது. எந்த பிரேக்காலும் ஒரு வண்டியை அப்படி நிறுத்த முடியாது.

அடுத்த நாள் காலை அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் மகளைக் கல்லூரி விடுதிக்கு அவன் அழைத்துப்போக வேண்டும். இதே வண்டியில்.

அன்று இரவு சாப்பிடும்போது, பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்டாள்.

"அம்மாவோட வானிலை அறிக்கை வந்தாச்சுப்பா," என்றாள் மகள்.

மூவரும் சிரித்தார்கள். அவளும்தான். பதினெட்டு வருடமாக அவளுடைய பயங்கள் அந்த வீட்டின் வேடிக்கையாக இருந்தன. எதுவும் நடக்காமல் போன ஒவ்வொரு முறையும் அவளே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். இப்போது கேட்டதை விவரித்தாள். சொல்லச் சொல்ல அது சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில், நின்ற வண்டியில் பாட்டு சத்தமாகக் கேட்டது என்பது மட்டுமே மிச்சமிருந்தது.

"சரி, உனக்காக அந்த ஆம்ப்ளிஃபயரைக் கழட்டிடு. பாட்டே வேணாம், பேசிக்கிட்டே போறோம். திருப்தியா?" என்றான் கணவன்.

அன்றிரவே ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினாள். மஞ்சள் ஒயரைக் கட்டரால் துண்டித்தாள்.

காலை பத்து மணிக்குக் கடை வாசலிலிருந்து கிளம்பினார்கள். ஹெல்மெட்டின் வாரை மகளுக்கு அவளே மாட்டினாள். ஒரு துளை இறுக்கினாள்.

"மூச்சு முட்டுதும்மா. போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். அதுவரைக்கும் தெருவையே பாத்துட்டு உக்காந்திருக்காதே."

வண்டி போன பிறகு அவள் தெருவைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை மேஜையில் வைத்தாள். அது ஒரு கெட்டுப்போன பெட்டி, வேறொன்றும் இல்லை என்று தனக்குக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மின்சாரம் கொடுத்தாள். ஒரு ஸ்பீக்கரை இணைத்தாள். அறுபட்ட மஞ்சள் ஒயரின் முனை மேஜை விளிம்பிலிருந்து காற்றில் தொங்கியது. பாட்டைப் போட்டபோது சத்தம் தாழ்ந்திருக்கவில்லை. தெருவில் உருளும் வண்டிக்கு உரிய அளவில் இருந்தது.

ஒரு தாழ்வு.

இன்னொரு தாழ்வு.

அவள் கைபேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியவள் அவள்தான். மகளுடையது பையின் அடியில் இருக்கும்.

சிக்னல். ஒலி அடங்கிக் கிடந்தது. நிற்கட்டும், என்று நினைத்தாள். சிவப்பிலேயே நிற்கட்டும்.

ஏறியது.

வளைவு. தயக்கம். பிறகு நேர்சாலை.

அவள் கை சுவிட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. அணைத்தால் பாட்டு நிற்கும். அதோடு வேறெதுவும் நின்றுவிட்டால்? இதுதானே அவர்கள் போய்க்கொண்டிருப்பதற்கு அவளிடம் உள்ள ஒரே சாட்சி. கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு நாளாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தாளோ, அதையே இப்போது மன்றாடிக்கொண்டிருந்தாள். குறையாதே. இல்லை, குறை. மெதுவாகக் குறை.

குறையவில்லை. அலமாரியில் திருகாணி டப்பாக்கள் கலகலத்தன. பெண்குரல் முனகலாக இல்லை. அலறலாக இருந்தது.

கதவு திறந்தது. பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"ஏம்மா, என் கடையில கண்ணாடியெல்லாம் ஆடுது. கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

அவரே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

சத்தம் விழுந்தது.

எங்கோ மூலையில் பாடுவதைப் போல, மெல்லிய வயலின். அதன் அடியில் முனகல்.

அவர் கையை விடுவித்துக்கொண்டு தேய்த்தார். முகம் இளகியது.

"இது போதும்மா. இப்படியே இருக்கட்டும்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அவள் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏறு," என்றாள்.

பாட்டு முடிந்தது. முதலிலிருந்து தொடங்கியது. கைக்கு அடியில் அந்தக் காகிதக் கூம்பு லேசாக, மிக லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, நிற்கும் வண்டிக்கு அவள் வைத்திருந்த அதே அளவில்.